போகாத வளையம்

மூன்று வருடம் ஆகப்போகிறது. ஆயுத பூஜை முடிந்து பன்னிரண்டாவது நாள், ஈக்காட்டுத்தாங்கலில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் நடந்தது இது. பகல் பதினொன்றரை மணி இருக்கும். கையிலிருந்த ஒரு சின்ன இரும்பு வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இப்போது இதை எழுதும்போதும் அந்த வளையம்தான் கண்முன் நிற்கிறது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மந்தைவெளியில் வீடு. டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவள். பதினெட்டு வருடமாக ஒரே பட்டறை, ஒரே வேலை. செய்து முடித்த சாமான் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து, 'பாஸ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் கையெழுத்து இல்லாமல் எங்கள் வாசலை விட்டு ஒரு திருகாணி கூட வெளியே போகாது. அந்த விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. வாயும் கொஞ்சம் நீளம். மிஷின் ஓட்டுபவர்கள் என் மேஜைக்கு வருமுன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு வருகிறார்கள் என்று எங்கள் முதலாளி கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்திருந்தது. திருநெல்வேலிப் பக்கம் புதிதாகப் பெரிய காற்றாலைப் பண்ணை ஒன்றை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். காற்றடிக்கும் சீசன் ஓய்ந்த பிறகுதான் அங்கே கோபுரங்களை நிறுத்த முடியும். அடுத்த சீசன் வருவதற்குள் எல்லாம் சுற்றியாக வேண்டும். அதனால் புரட்டாசி தொடங்கியதிலிருந்தே 'சரக்கு எங்கே, சரக்கு எங்கே' என்று போன் வந்தபடி இருந்தது.

இறக்கை, கோபுரம் எல்லாம் பெரிய இடத்து வேலை. எங்களுடையது வெறும் போல்ட்டும் நட்டும். ஆனால் காற்றாலைக் கோபுரத்துக்கு உள்ளே அடியிலிருந்து உச்சி வரை ஓர் ஏணி போகும். ஏணியை ஒட்டி ஒரு கம்பி போகும். ஏறுகிறவர் தன் இடுப்புப் பட்டையின் கொக்கியை அந்தக் கம்பியில் மாட்டிக்கொண்டுதான் ஏறுவார். கால் வழுக்கினால் அந்தக் கம்பிதான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏணியையும் கம்பியையும் கோபுரச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருப்பது எங்கள் போல்ட். முப்பது மாடி உயரம் என்று சொன்னார்கள். நான் காற்றாலையைப் பார்த்ததெல்லாம் நாகர்கோவில் ரயிலின் ஜன்னல் வழியாகத்தான்.

போல்ட்டின் திருகு மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்க என்னிடம் இரண்டு வளையங்கள் உண்டு. பார்க்க நட்டு மாதிரியே இருக்கும், உள்ளே மரை வெட்டியிருக்கும். ஒன்று 'போகும்' வளையம். அதை போல்ட்டில் வைத்துத் திருகினால் தடையில்லாமல் ஏற வேண்டும். இன்னொன்று 'போகாத' வளையம். அது ஏறக்கூடாது, முதல் சுற்றிலேயே நின்றுவிட வேண்டும். அது ஏறிவிட்டால் போல்ட் இளைத்துவிட்டது, மரை பலமில்லை, தூக்கிப் போட வேண்டியதுதான் என்று அர்த்தம். இவ்வளவுதான் என் தொழில் ரகசியம்.

பூஜைக்கு முதல் நாள் பட்டறையே பரபரத்தது. பூஜைக்கு மிஷினை நிறுத்துவதற்குள் ஒரு பெரிய லாட்டை, அதாவது ஒரே ஓட்டத்தில் செய்யும் சரக்கை, முடித்துவிட வேண்டும் என்று வேகமாக ஓட்டினார்கள். அந்த வேகத்தில் மரை இளைத்துவிடாமல் இருக்க, நடுநடுவே இரண்டு போல்ட்டை எடுத்து வளையத்தில் போட்டுப் பார்ப்பது என் பொறுப்பு. அன்று மத்தியானம் நான் அங்கே இல்லை. பூஜைச் சாமான் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் மாடவீதிக்குப் போய்ப் பொரி, கடலை, பூசணிக்காய், வாழைக்கன்று எல்லாம் பேரம் பேசி வாங்கிக்கொண்டு சாவகாசமாகத் திரும்பினேன்.

மறுநாள் பூஜை. எல்லா மிஷினுக்கும் விபூதிப் பட்டை போட்டுச் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். அளவுக் கருவிகளுக்கு நான்தான் வைக்க வேண்டும். "கேஜுக்கெல்லாம் பொட்டி மேல வச்சா போதும்மா" என்றார் முதலாளி. எனக்கு அது பிடிக்கவில்லை. பெட்டியா வேலை செய்கிறது, உள்ளே இருப்பதுதானே வேலை செய்கிறது என்று தோன்றியது. அந்தக் காற்றாலை ஆர்டரின் இரண்டு வளையங்களையும் வெளியே எடுத்துத் தட்டில் நிறுத்தி, சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். அன்று கும்பிட்ட மாதிரி நான் எந்த வருடமும் கும்பிட்டதில்லை.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து முதல் வேலையாக அந்த லாட்டையே எடுத்தோம். சாயங்காலம் லாரி. வளையங்களைத் துணியால் துடைத்தேன். 'போகும்' வளையம் பாதியில் திக்கியது. உள்ளே சந்தனம் காய்ந்திருப்பது உடனே உறைத்தது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணெய் விட்டேன். அப்புறம் வழுவழுவென்று போனது. அடுத்து 'போகாத' வளையத்தை எடுத்தேன். முதல் சுற்றிலேயே நின்றது. நிற்க வேண்டியதுதானே அதன் வேலை. போல்ட் கொட்டி வைத்திருந்த ஒவ்வொரு தொட்டியிலிருந்தும் கைக்கு வந்ததை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நின்றது. திருப்தியாக 'பாஸ்' எழுதினேன்.

எங்கள் பட்டறையில் பேக்கிங் வேலைக்கு ஒரு பெண் இருக்கிறாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். சைதாப்பேட்டையில் ஆற்றோரம் இருந்த அவர்கள் வீடுகளை எடுத்த பிறகு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஒவ்வொரு போல்ட்டிலும் கையால் ஒரு நட்டைத் திருகி ஏற்றி, மூட்டையில் போட்டுக் கட்ட வேண்டும். ஒரு நாளில் எத்தனை நட்டு ஏற்றுவாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று அவள் இரண்டு போல்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"அக்கா, இத்த கொஞ்சம் பாரேன். நட்டு இன்னா இப்டி லொடலொடன்னு கீது? எப்பவும் இப்டி ஆடாதே."

லாரி வரும் நேரம். எனக்கு எரிச்சல். "கேஜ் ஓகே சொல்லிடுச்சு. கேஜைவிட உன் கை பெருசா? நான் படிச்சிட்டு வந்து உக்காந்திருக்கேனா, நீயா?" என்றேன். நான்கு பேர் காது கேட்கத்தான் சொன்னேன்.

அவள் போல்ட்டைக் கையில் மூடிக்கொண்டாள். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அக்கா போய் மேடம் வந்ததை நான் கவனித்தேன். மரியாதை வந்துவிட்டது என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். லாரி புறப்பட்டுப் போனது.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு நாள் வேறு அளவு வேலை. அந்த வளையங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்தன. மழை தொடங்கியதால் துருப்பிடித்துவிடக்கூடாதே என்று அன்று பெட்டிகளைத் திறந்து ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். போகாத வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். உள்ளே மரையின் இடுக்கெல்லாம் மஞ்சளாக இருந்தது.

ஊசியால் குத்தினேன். காய்ந்த சந்தனம் செதில் செதிலாக விழுந்தது. நல்ல வாசனை வேறு.

பிறகு வளையத்தை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்தேன். ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் சாம்பிள் எடுத்து டப்பாவில் வைத்திருப்போம். அந்த டப்பாவைத் திறந்து ஒரு போல்ட்டில் வளையத்தை வைத்தேன். நின்றது. அப்பாடா என்றிருந்தது. இரண்டாவது, நின்றது. மூன்றாவது போல்ட்டில் வைத்து விரலால் லேசாகத் தட்டினேன். வளையம் சுற்றிக்கொண்டே கடைசி வரை போய் என் விரலில் வந்து இடித்தது.

போகவே கூடாத வளையம் அது. டப்பாவின் மேல் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். அந்த லாட்டின் மீது இருப்பது என் கையெழுத்து. வளையத்துக்குச் சந்தனம் பூசியதும் நான்.

முதலாளி அறைக்கு ஓடினேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் மேஜைமேல் இருந்த ஆஞ்சநேயர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நங்கநல்லூர்க்காரர், சனிக்கிழமை கோயிலுக்குப் போகாமல் பட்டறைக்கு வரமாட்டார். "எல்லாமே லூசா இருக்காது இல்ல?" என்று கடைசியில் கேட்டார். "கொஞ்சம்தானே இருக்கும். ரெண்டு நாள் பொறுத்து, வேற சரக்கு ரெடி பண்ணிட்டுச் சொல்லலாமா?"

அவர் கெட்டவர் இல்லை. பயத்தில் கேட்டார். எனக்கும் ஒரு நொடி அந்த யோசனை இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

வாசலில் பேக்கிங் பெண் நின்றுகொண்டிருந்தாள். நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்திருக்கிறாள். "சார், அதுல எவனாவது ஏறிக்கினு இருப்பான் சார்" என்றாள். முதலாளி போனை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

காற்றாலை சைட்டில் இருந்த இன்ஜினியருடன் அதுவரை நான் இரண்டு மூன்று முறைதான் பேசியிருக்கிறேன். முகம் தெரியாது. ஸ்பீக்கரில் போட்டேன். உளறிக்கொட்டித்தான் சொன்னேன். பூஜை, சந்தனம், வளையம் என்று நான் சொன்னதில் அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, 'போல்ட் இளைப்பு' என்பது மட்டும் புரிந்துவிட்டது.

"மேடம், அந்த சரக்குல ஏணிய மாட்டிக் கோபுரத்த நிறுத்தியாச்சு" என்றார். குரல் மெதுவாகிவிட்டது. "இப்பம் மேல ரெண்டு பேரு நிக்காங்க."

லிஃப்ட் இருக்குமே என்று கேட்டேன். லிஃப்ட்டுக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவில்லையாம். ஏறியதும் அந்த ஏணியில்தான், இறங்க வேண்டியதும் அந்த ஏணியில்தான். மத்தியானச் சாப்பாட்டைக் கையோடு மேலே கொண்டு போயிருந்தார்கள். சாப்பிட்டதும் இறங்கிவிடுவார்கள்.

எத்தனை கோபுரத்துக்கு அந்தச் சரக்கு போயிருக்கிறது, எந்த போல்ட் நல்லது, எந்த போல்ட் இளைத்தது, யாருக்குத் தெரியும்? அப்போதுதான் பேக்கிங் பெண் மேஜையருகே வந்து போனைப் பார்த்துக் குனிந்தாள்.

"சார், சாக்கு மேல செவப்பு மார்க்கருல பெருக்கல் குறி போட்டது இருக்கும். ஆறு மூட்டை. ஆடுன நட்டெல்லாம் அதுலதான் கீது. மத்ததுல இல்ல."

நானும் முதலாளியும் அவளைத் திரும்பிப் பார்த்தோம்.

இன்ஜினியர் ஓடும் சத்தம் கேட்டது. மூச்சிரைப்பு, சரளைக் கல்லில் பூட்ஸ் சத்தம், காற்று. என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஐந்து நிமிடத்தை நான் கழித்ததில்லை. பிறகு சொன்னார்: "ஸ்டோர்ல நாலு மூட்டை அப்படியே கெடக்கு. ரெண்டு மூட்டை இந்தக் கோபுரத்து அடியில காலியாக் கெடக்கு மேடம். குறி இருக்கு."

அதுவரை மாட்டிய இளைத்த போல்ட் அத்தனையும் அந்த ஒரே கோபுரத்தில். அந்தக் கோபுரத்தின் உச்சியில்தான் அந்த இரண்டு பேர்.

அதற்குப் பிறகு அந்த மனிதர் நடந்துகொண்டதை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது. கத்தவில்லை, என்னைத் திட்டவில்லை. காற்றாலை உச்சியில் தீ கீ பிடித்தால் வெளிப்பக்கமாக இறங்குவதற்கென்று ஒரு கயிறு எப்போதும் வைத்திருப்பார்களாம். வாக்கி டாக்கியில் அவர் சாதாரணமாகப் பேசியது எங்களுக்கும் கேட்டது. "ஏலேய், இன்னைக்குக் கயிறு எறங்குற ஒத்திகை. பெரிய ஆபீசர் கீழ நிக்காரு. ஏணில ஒரு கால் வச்சாலும் ஃபெயில் பாத்துக்கோ. கயித்துலதான் வரணும்." மேலே இருந்தவர்கள் ஏதோ சலித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்தால் கை நடுங்கும் என்று மறைத்துவிட்டார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

முக்கால் மணி நேரம் ஆனது. போனை யாரும் அணைக்கவில்லை. அங்கே காற்று அடிப்பது இங்கே ஸ்பீக்கரில் கரகரவென்று கேட்டுக்கொண்டே இருந்தது. முதலாளி மிஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டார். ஆட்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். பேக்கிங் பெண் என் நாற்காலிப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, கையில் ஒரு நட்டை வைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன் என்பதே, அவள் தன் முந்தானையை என் பக்கம் நீட்டியபோதுதான் தெரிந்தது.

"ஒருத்தன் எறங்கிட்டான்" என்றார் இன்ஜினியர். வெகுநேரம் கழித்து, "ரெண்டாவது ஆளும் தரையில நிக்கான் மேடம்" என்றார். இங்கே யாரோ கைதட்டினார்கள். எனக்கு அந்தத் தட்டல் தாங்கவில்லை, வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

இறங்கியவர்களில் ஒருவர் போனில் பேசினார். இன்ஜினியர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார் போல. மெட்ராஸ் ஆபீசிலிருந்துதான் ஒத்திகை வைக்கச் சொன்னார்கள் என்று நினைத்துவிட்டார். "யக்கா, சொல்லாமக் கொள்ளாம ஒத்திகை வச்சிட்டீயளே. சோத்துச் சட்டி மேலயே இருக்கு. இனி அத எவன் போய் எடுக்க?" என்று சிரித்தார். "நீங்க சாப்ட்டாச்சா யக்கா?"

நான் போனைப் பக்கத்தில் தள்ளினேன். பேக்கிங் பெண்தான், "சாப்ட்டாங்கண்ணா, நீ போய் சாப்டு" என்றாள்.

அன்று சாயங்காலம் இன்ஜினியர் மறுபடி கூப்பிட்டார். வேறு கயிற்றில் தொங்கிக்கொண்டு ஏணியைச் சோதித்திருக்கிறார்கள். ஸ்பானர் போட்டதும் நிறைய போல்ட்டுகளின் மரை உரிந்து நட்டோடு கையில் வந்துவிட்டதாம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஓரிடத்தில் நான்கு போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் உண்மையில் பிடித்துக்கொண்டிருந்ததாம். "மாட்டும்போதே மூணு நாலு வழுக்குச்சு மேடம். மாத்திப் போட்டுட்டு விட்டுட்டோம். மெட்ராஸ்ல பாஸ் பண்ணி அனுப்புன சரக்குதானன்னு நெனச்சோம்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நடந்ததைத்தான் சொன்னார். எனக்கு அது அறை வாங்கியது போலிருந்தது.

அந்தக் கம்பெனியின் ஆபீஸ் தேனாம்பேட்டையில் இருக்கிறது. மறுநாள் அங்கே போய் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். 'சுத்தம் செய்வதில் குறைபாடு' என்று எழுதினால் போதும் என்றார் முதலாளி. நான் 'ஆயுத பூஜைக்கு நானே சந்தனம் பூசினேன், ஒரு வளையத்தைக் கழுவினேன், இன்னொன்றைக் கழுவவில்லை' என்று எழுதினேன். படித்த அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணக் கழுவினீங்களே, இன்னொண்ண ஏன் கழுவல?" என்று மட்டும் கேட்டார். அங்கே எனக்குப் பதில் வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், மந்தைவெளி சிக்னலில் நிற்கும்போதுதான் வந்தது. போக வேண்டியது போகவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்தது. போகக்கூடாதது போகவில்லை என்றதும் நிம்மதிதான் வந்தது. அது ஏன் நிற்கிறது என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் பேக்கிங் மேஜைக்குப் போய், விஜயதசமியன்று நான்கு பேர் கேட்கத் திட்டினேன் இல்லையா, அதே நான்கு பேர் கேட்க மன்னிப்புக் கேட்டேன். அவள் நட்டு ஏற்றுவதை நிறுத்தவில்லை.

"அத்த வுடுங்க மேடம். தப்பு என் மேலயும்தான் கீது. நீங்க ஓகே சொன்னதும் கட்டிட்டேன். மனசு கேக்கல. எதுனா திரும்பி வந்தா எந்த மூட்டைன்னு தெரியட்டும்னு குறி போட்டேன். அன்னிக்கே லாரி முன்னால நின்னு கத்தியிருக்கணும். உங்க வாய்க்கு பயந்துகினு கம்முனு இருந்துட்டேன்."

சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு வருகிறார்கள் என்று நான் பெருமைப்பட்டேனே, அதன் அர்த்தம் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு பேரைக் கொன்றிருக்கக்கூடியது சந்தனம் மட்டும் இல்லை.

அவள் என்னை மறுபடி அக்கா என்று கூப்பிடத் தை மாதம் ஆகிவிட்டது. நானும் அவசரப்படுத்தவில்லை.

இப்போதும் ஆயுத பூஜைக்கு மாடவீதிக்குப் போகிறேன், பொரியும் வாழைக்கன்றும் வாங்குகிறேன். சந்தனம் பெட்டியின் மேல்தான். ஆனால் வேறொன்றும் மாறியிருக்கிறது. மிஷினிலிருந்து வரும் சரக்கு முதலில் அவள் கைக்குப் போகிறது, பிறகுதான் என் மேஜைக்கு. வளையம் நான் எதிர்பார்த்தபடி நிற்காமல் ஓடினால் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எதிர்பார்த்தபடியே நிற்கும்போதுதான், பேனாவை மூடிக் கீழே வைத்துவிட்டு, "உன் கைக்கு எப்படி இருக்கு?" என்று அவளைக் கேட்கிறேன்.